பளபளப்புக்கு முன்னால் பட்டறை

கோவை ஜிடி கார் அருங்காட்சியகத்தில் மெருகேறி நிற்கும் பழைய சொகுசு வண்டிகளைப் பார்ப்பவர், மோட்டார் வரலாறு என்பது செல்வந்தர் வரலாறே என்று எண்ணக்கூடும். மதுரையின் சாட்சி வேறு. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் இங்கே தொடங்கியது பேருந்துத் தொழில். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் அருகியபோது அவருடைய நிறுவனம் கரிவாயுக் கலம் செய்து தந்தது: கரியை அரைகுறையாக எரித்து, எழும் கார்பன் மோனாக்சைடைக் குளிரவைத்து, வடிகட்டி எஞ்சினுக்கு ஊட்டும் கருவி. இழுவை குறைந்தது, சாம்பல் அள்ளும் வேலை கூடியது. ஆனாலும் வண்டிகள் ஓடின.

ஜமீன்தார்களின் பணம்தானே தொடக்ககாலக் கார்கள் பலவற்றைக் கொண்டுவந்தது என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பழுதுபார்க்கும் கைகள் இல்லாத ஊரில் அந்தக் கார்கள் எத்தனை நாள் ஓடியிருக்கும்? மதுரையில் மோட்டார் காட்சிக்கூடம் ஒன்று அமையுமானால், முகப்பில் அந்தக் கரிக்கலத்தைத்தான் வைக்க வேண்டும்.