பழைய யூனிக்ஸ் கணினிகளில் மென்பொருள் சார்புச் சிக்கல்

மென்பொருள் சார்பு என்பது ஒரு நிரலைத் தொகுக்கவும் இயக்கவும் தேவைப்படும் பிற நிரலகங்கள், கம்பைலர், துணைக்கருவிகள் ஆகியவற்றைக் குறிக்கும். யூனிக்ஸ் வழிவந்த ஓர் இயங்குதளத்தின் ஆதரவுக் காலம் முடிந்ததும் இவை பழைய பதிப்பிலேயே நின்றுவிடும். புதிய கருவிகளோ புதிய பதிப்புகளைக் கேட்கும். இயங்குதளத்தை மாற்றாமல் இந்த இடைவெளியைக் கடக்கச் சில நடைமுறை வழிகள் உள்ளன.

தமிழ்நாட்டுப் பின்னணி

மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் 2007இல் வெளிவந்தது. இது டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலை அடிப்படையாகக் கொண்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்காக மாநில அரசு நிறுவனமான எல்காட் வாங்கிய கணினிகளில் விண்டோஸுடன் பாஸும் நிறுவப்பட்டிருந்தது. பெருநகரங்களைத் தாண்டி, சேலம் மாவட்டத் தம்மம்பட்டி போன்ற ஊர்களின் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் லினக்ஸ் இவ்வழியே அறிமுகமானது.

அக்காலத்து அமைப்புகளுக்கு டெபியன் 7 நல்ல சான்று. 2013 மே மாதம் வந்த இதில் ஜிசிசி 4.7 கம்பைலரும் ஜிலிப்சி 2.13 அடிப்படை நிரலகமும் இருந்தன. இதன் நீண்டகால ஆதரவு 2018 மே 31இல் முடிந்தது.

சிக்கல் எழும் இடங்கள்

முதல் தடை தொகுப்புக் களஞ்சியம். ஆதரவு முடிந்த பதிப்புகளை டெபியன் தன் ஆவணக் காப்பகத்துக்கு மாற்றிவிடுகிறது. களஞ்சிய முகவரியைக் காப்பகத்துக்குத் திருத்தினால் பழைய தொகுப்புகள் மீண்டும் கிடைக்கும்.

அடுத்தது பாதுகாப்புச் சான்றிதழ். இணையதளங்களுக்கு லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு வழங்கும் சான்றிதழ்கள் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30இல் காலாவதியானது. புதிய மூலச் சான்றிதழ் கணினியில் இருந்தும், மறையாக்க நிரலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 1.0 வரிசைப் பதிப்புகள் காலாவதியான பாதையையே பின்பற்றித் தொடர்பை மறுத்தன. பழைய சான்றிதழை நம்பிக்கைப் பட்டியலிலிருந்து நீக்குவதே தீர்வு.

மூன்றாவது கம்பைலர். தமிழ் உட்படப் பல மொழிகளின் அச்செழுத்தை உணரும் டெசராக்ட் இதற்கு எடுத்துக்காட்டு. நரம்பு வலையமைப்பைப் பயன்படுத்தும் அதன் 4ஆம் பதிப்பு 2018 அக்டோபரில் வந்தது. அதற்கு சி++11 என்னும் மொழித் தரத்தை ஆதரிக்கும் கம்பைலர் வேண்டும். ஜிசிசியில் அந்த வசதி முழுமை பெற்றது 4.8.1இல்தான். 2021இல் வந்த 5ஆம் பதிப்பு சி++17 கேட்கிறது.

வழிமுறைகள்

எளிய வழி, தேவையை நிறைவேற்றும் பழைய பதிப்பையே தொகுப்பது. அது போதாதபோது கம்பைலரைப் படிப்படியாக உயர்த்த வேண்டும். ஜிசிசி 4.7ஐக் கொண்டு ஜிசிசி 9ஐத் தொகுக்கலாம். அது சி++17ஐ ஆதரிக்கும். ஜிசிசி 11 முதலான பதிப்புகளுக்குக் குறைந்தது சி++11 அறிந்த கம்பைலர் தேவை என்பதால், 4.7இலிருந்து நேராக அங்கே தாவ முடியாது. ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி ஆகிய கணித நிரலகங்களும் உடன் வேண்டும்.

இவற்றை எல்லாம் பயனரின் தனிக் கோப்புறையில் நிறுவுவதே முறை. புதிய சி++ நிரலகம் இருக்கும் பாதையையும் தொகுக்கும்போதே நிரலுக்குள் பதித்துவிட வேண்டும். இல்லையேல் இயங்கும் நேரத்தில் அந்த நிரல் பழைய நிரலகத்தைத் தேடிப்போய் நின்றுவிடும்.

ஜிலிப்சியை மட்டும் அதன் இடத்திலேயே மாற்றக் கூடாது. கணினியின் ஏறக்குறைய எல்லா நிரல்களும் அதைச் சார்ந்தவை. மாற்றம் தவறினால் கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளைகூட இயங்காது. பழைய ஜிலிப்சியில் தொகுத்த நிரல் புதியதில் இயங்கும். புதியதில் தொகுத்தது பழையதில் பெரும்பாலும் இயங்காது. ஜிலிப்சிக்கு மாற்றான மசல் நிரலகத்தைக் கொண்டு நிலையாக இணைத்த நிரலுக்கு இந்தத் தடை இல்லை.

மற்றொரு வழி, 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்த சிரூட் வசதி. இயங்குதளத்தின் கருவான பழைய கர்னலின் மேல், தனிக் கோப்புறையில், புதிய டெபியனின் நிரலகங்களை வைத்து இயக்க இது உதவும். ஆனால் ஜிலிப்சி 2.26 முதல் குறைந்தது 3.2 கர்னல் தேவை. அதே 3.2 கர்னலைக் கொண்ட டெபியன் 7 சரியாக அந்த எல்லையில் நிற்கிறது.

வரம்புகள்

இம்முறைகள் கருவிகளைப் புதுப்பிக்குமே தவிர, கர்னலின் பாதுகாப்புக் குறைகளை நீக்கா. எனவே இத்தகைய கணினியை இணையத்தில் சேவையகமாகத் திறந்துவைப்பது பொருந்தாது. 2025இல் வந்த டெபியன் 13 பழைய 32-பிட் கணினிகளுக்குக் கர்னலையோ நிறுவியையோ தருவதில்லை. 64-பிட் வன்பொருள் இருந்தால் புதிய இயங்குதளத்தை நிறுவுவதே நல்லது. அதற்கு வழியில்லாத இடங்களில் மட்டுமே இம்முறைகள் ஏற்றவை.