ஃபாக்ஸ்புரோ: மொழி நின்றபின் மென்பொருளின் கதி

தரவுத்தள மொழியான விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்குப் பத்தாம் பதிப்பு வராது என்று மைக்ரோசாஃப்ட் 2007 மார்ச்சில் அறிவித்தது. 2004 இறுதியில் வந்த ஒன்பதாம் பதிப்பே கடைசி. அதற்கான ஆதரவும் 2015 ஜனவரியில் முடிந்தது. ஆனால் அம்மொழியில் எழுதிய சம்பளக் கணக்கும் சரக்கிருப்பும் பில் போடும் நிரல்களும் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் எதிர்காலம் மொழியின் ஆயுளைவிட, தரவு எழுதப்பட்ட முறையையே அதிகம் சார்ந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதன் வேர் அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் இருக்கிறது. அங்கே வழங்கிய ஜேபிஎல்டிஸ் என்ற தரவு மென்பொருளை ஒட்டி வேய்ன் ராட்லிஃப் எழுதியது வல்கன். அதையே ஆஷ்டன்-டேட் நிறுவனம் டிபேஸ் II என்ற பெயரில் விற்றது. ஒஹாயோவிலிருந்த ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் அதே கட்டளைகளைப் பன்மடங்கு வேகமாக இயக்கிக் காட்டியதும், 1988இல் ஆஷ்டன்-டேட் பதிப்புரிமை வழக்குத் தொடுத்தது. ஜேபிஎல்டிஸ் மூலத்தை மறைத்ததால் பதிப்புரிமை செல்லாது என்று 1990 டிசம்பரில் தீர்ப்பளித்த நீதிபதி டெர்ரி ஹேட்டர், 1991 ஏப்ரலில் அதைத் தாமே திரும்பப் பெற்றார். அவ்வாண்டே ஆஷ்டன்-டேட்டை வாங்கிய போர்லாண்ட், அமெரிக்க நீதித்துறையின் நிபந்தனைப்படி வழக்கைக் கைவிட்டது. டிபேஸ் வழிவந்த மொழிகள் பலர் கையிலும் வளர இது வழிவிட்டது. 1992இல் ஃபாக்ஸ் மைக்ரோசாஃப்ட் வசமானது.

இக்குடும்பத்தின் டிபிஎஃப் கோப்பைத் திறந்து பார்த்தால் அதன் எளிமை தெரியும். முதலில் 32 பைட் தலைப்பு. பிறகு ஒவ்வொரு புலத்துக்கும் 32 பைட் விவரம். அதன்பின் ஒரே நீளப் பதிவுகள். தேதி எட்டு இலக்கங்களாக, எழுத்தாகவே நிற்கும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஒரு பைட் உண்டு. அழிக்கச் சொன்னால் அதில் நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். ‘பேக்’ கட்டளை கொடுக்கும்வரை பதிவு அங்கேயே இருக்கும். இந்தக் கோப்பைப் படிக்க ஃபாக்ஸ்புரோவே தேவையில்லை. நிலவரைபடத் துறையின் ஷேப் கோப்புகள் விவரங்களை இன்றும் டிபிஎஃப்பில்தான் வைக்கின்றன.

நிரலின் நிலை வேறு. டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ 2.6, வேகமான பென்டியம் II வந்ததும் தொடக்கத்திலேயே ‘பூஜ்யத்தால் வகுத்தல்’ பிழை காட்டி நின்றது. கணினியின் வேகத்தை அளக்கும் சுழற்சி சட்டென்று முடிந்துவிட, கழிந்த நேரம் பூஜ்யமானதே காரணம். ஒட்டுப் போட்டுத்தான் அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் அறவே ஓடா. டாஸ்பாக்ஸ் போன்ற போலிச்சூழல் வேண்டும். 32 பிட் விஷுவல் ஃபாக்ஸ்புரோவோ விண்டோஸ் 11இலும் ஓடுகிறது.

பயனர்கள் கோரியும் மைக்ரோசாஃப்ட் மையக் குறியீட்டைத் திறந்துவிடவில்லை. சில துணைக்கருவிகளை மட்டும் வெளியிட்டது. பெரிய பணியைச் செய்தவர்கள் விஎஃப்பிஎக்ஸ் என்ற திறமூலத் திட்டத்தின் தன்னார்வலர்களே. அவர்கள் உழைப்புக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்றே கருதுகிறேன். எக்ஸ்-ஷார்ப் என்னும் திறமூலத் தொகுப்பி ஃபாக்ஸ்புரோ நடையை டாட்நெட்டுக்குக் கொண்டுபோக முயல்கிறது. ஆனால் ஃபாக்ஸ்புரோவில் ‘&’ குறியிட்டால் மாறியில் இருக்கும் சரமே ஓடும் நேரத்தில் கட்டளையாகிவிடும். அந்தச் சரம் அட்டவணையின் ஏதோ ஒரு புலத்திலிருந்து வந்திருக்கலாம். எந்தத் தொகுப்பியும் அதை முன்கூட்டி அறிய வழியில்லை. வட்டி, படி, தள்ளுபடி விதிகள் இப்படி ஒளிந்திருக்கும் நிரலை, அதை நாள்தோறும் இயக்குபவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மாற்ற முடியும்.

தமிழில் பதிந்த தரவுக்கு இன்னொரு சிக்கல். ஃபாக்ஸ்புரோவுக்கு யூனிகோட் இயல்பாகத் தெரியாது. எட்டு பிட் தமிழ் எழுத்துருக்களில் உள்ளிட்ட பெயர்கள், கோப்பில் வெறும் பைட்டுகளாகவே கிடக்கின்றன. எந்த எழுத்துரு என்று டிபிஎஃப் தலைப்பில் குறிக்க இடமில்லை. தமிழக அரசு 1999இல் டாம், டாப் குறியாக்கங்களையும் 2010இல் யூனிகோடையும் ஏற்றது. இடைப்பட்ட காலத்துத் தரவை மாற்ற, எழுத்துருவின் பெயர் முதலில் தெரிய வேண்டும். அது பதியப்பட்டிருப்பது பழைய நிரலின் படிவக் கோப்புகளிலும் ரிப்போர்ட் கோப்புகளிலும்தான். இவையும் உள்ளுக்குள் டிபிஎஃப் அமைப்பு கொண்டவையே. எனவே தரவை மட்டும் நகலெடுத்துக்கொண்டு நிரலை அழிப்பவர்கள், தமிழ்ப் பெயர்களைப் படிக்கும் திறவுகோலையும் சேர்த்தே அழிக்கிறார்கள்.