ருவான்வெல்லைக் கடன் கொப்பியும் 1964 ஒப்பந்தமும்

ருவான்வெல்லையில் வாப்பாவுக்கு ஒரு சில்லறைக் கடை இருந்தது. சுற்றியுள்ள றப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் கடன் கணக்கை நீளக் கொப்பி ஒன்றில் எழுதி வைத்திருப்பார். எழுபதுகளில் அதில் ஒவ்வொரு பெயராக வெட்டுப்பட்டது. "கணக்க முடிச்சிட்டு இந்தியாவுக்குப் போறாங்க மகன்" என்பார். இங்கேயே பிறந்தவர்கள் ஏன் போக வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. வரலாறு படித்த பிறகுதான் விளங்கியது.

1948 பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. 1936இல் ருவான்வெல்லையிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான என். எம். பெரேராவும் அவரது சமசமாஜக் கட்சியும் அச்சட்டத்தை எதிர்த்தார்கள். இலங்கையில் பிறந்து வாழ்பவர்கள் இலங்கையின் பொறுப்பே என்று இந்தியப் பிரதமர் நேருவும் உறுதியாக நின்றார். 1954இல் கொத்தலாவலையுடன் அவர் செய்த ஒப்பந்தமும் சிக்கலைத் தீர்க்கவில்லை.

1964 மே 27இல் நேரு காலமானார். ஜூனில் லால் பகதூர் சாஸ்திரி பதவியேற்றார். ஒக்டோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்கும். 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்கும். மிஞ்சிய 150,000 பேரை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் சரிபாதியாகப் பங்கிட்டார்கள்.

ஆள் மாறியது மட்டுமா காரணம்? 1962 சீன யுத்தத்தில் அடிபட்ட இந்தியாவுக்கு அயலவரின் நட்பு தேவைப்பட்டது. அவ்வருட டிசம்பரில், சமரசம் காண ஆறு நாடுகளின் மாநாட்டைக் கொழும்பில் கூட்டியவர் சிறிமாவோ. ஆகவே தேவை முன்பே இருந்தது; நேரு போனபின் அதற்கு வழி திறந்தது என்பதே என் கணிப்பு. இங்கேயும் மாற்றம் நடந்தது. 1948இல் எதிர்த்த என். எம்., ஒப்பந்தம் கைச்சாத்தான நாளில் சிறிமாவோவின் நிதியமைச்சர்!

இதை அடுத்த வீட்டுக் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகளையும் தொட்டது.

போனவர்களில் றப்பர் தொழில் தெரிந்த சிலர் கர்நாடகத்தின் சுள்ளியாவில் மறுபடியும் பால் வெட்டப் போனார்கள். இங்கே எஞ்சிய நாடற்றவர்களுக்கு 2003இல் சட்டம் பிரஜாவுரிமை தந்தது. தலைவர்கள் மாறும்போது நாடுகளின் உறவு மாறும், அது புதிதல்ல. ஆனால் அந்த ஐந்தேகால் இலட்சத்தில் ஒருவரிடமாவது "நீ எங்கே இருக்க விரும்புகிறாய்?" என்று கேட்டுவிட்டா அந்த எண்ணை எழுதினார்கள்? வாப்பாவின் கொப்பியைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்.