கூடைப்பந்தில் தவறு திருத்தம்

கூடைப்பந்தில் நடுவர்களும், புள்ளியும் நேரமும் கணக்கிடும் மேசை அலுவலர்களும் செய்துவிட்ட தவறை ஆட்டத்தின் முடிவு உறுதியாவதற்குள் சரிசெய்யும் முறையே தவறு திருத்தம். ஒரு புள்ளி வெற்றியைத் தீர்மானிக்கும் கடைசி நிமிடங்களில்தான் இதன் அவசியம் முழுதாகத் தெரியும்.

1891இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் எழுதிய 13 விதிகள் பொறுப்பை இருவருக்குப் பிரித்தன: ஒருவர் ஆட்டக்காரர்களைக் கவனிப்பார், மற்றவர் பந்தையும் நேரத்தையும். அவர்களே தவறினால் என்ன செய்வது என்று அவை சொல்லவில்லை. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற உடற்கல்வி ஆசிரியர்களின் வழியே ஆட்டமும் விசிலும் தமிழகப் பள்ளிகளுக்குப் பரவின.

தவறு திருத்த வரலாற்றின் ஆறாத காயம், அமெரிக்காவும் சோவியத் யூனியனும் மோதிய 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதிப் போட்டி. 3 வினாடி மிச்சமிருக்க, டக் காலின்ஸின் இரண்டு ஃப்ரீ த்ரோக்களால் அமெரிக்கா 50–49 என முந்தியது. டைம் அவுட் கேட்டும் தரவில்லை என்று சோவியத் அணி முறையிட்டது. அப்போது உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் பொதுச்செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் இறங்கி வந்து, கடிகாரத்தை 3 வினாடிக்குத் திருப்பச் சொன்னார். அந்த அதிகாரத்தை விதிகள் அவருக்குத் தரவில்லை. கடிகாரம் சரிசெய்யப்படும் முன்பே பந்து வீசப்பட்டு மணியும் ஒலித்துவிட்டதால், அதே 3 வினாடி மறுபடியும் ஆடப்பட்டது. எடெஷ்கோ எறிந்த நீண்ட பந்தை பெலோவ் கூடையில் போட, சோவியத் 51–50 என வென்றது. நடுவர் ரெனாட்டோ ரிகெட்டோ ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்திட மறுத்தார். மேல்முறையீட்டுக் குழு 3–2 என்ற கணக்கில் முடிவை உறுதிசெய்தது. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்லை. தவறு நடந்ததைவிட, உரிமையில்லாதவர் அதைத் திருத்தப் புகுந்ததே பெரிய கேடு.

ஃபிபா விதிகளில் இன்று திருத்தத்துக்குரியவை நான்கே: தகாத ஃப்ரீ த்ரோ தருவது, தரவேண்டியதைத் தராதது, புள்ளியைத் தவறாகக் கொடுப்பது அல்லது நீக்குவது, உரியவருக்குப் பதில் வேறொருவரை ஃப்ரீ த்ரோ எறியவிடுவது. தவறுக்குப் பிறகு கடிகாரம் ஓடத் தொடங்கி, முதன்முறை பந்து நின்று, மீண்டும் ஆட்டத்துக்கு வருவதற்குள் அதைக் கண்டுபிடித்தாக வேண்டும். இடையில் விழுந்த புள்ளிகளும் கழிந்த நேரமும் அப்படியே நிற்கும். ஃபவுலா இல்லையா என்ற நடுவரின் கணிப்பு இந்த நான்கில் சேராது.

மேசையில் நேரும் எண்ணிக்கைப் பிழைக்கு அவகாசம் அதிகம்; தலைமை நடுவர் கையெழுத்திடும்வரை திருத்தலாம். இதன் அருமை 2007 டிசம்பரில் அட்லாண்டாவில் தெரிந்தது. மியாமி வீரர் ஷகீல் ஓனீலின் ஐந்தாவது ஃபவுலை ஆறாவது என்று எண்ணி அவரை வெளியேற்றிவிட்டார்கள். மியாமி அணியின் முறையீட்டை அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ ஏற்று, எஞ்சிய 51.9 வினாடியை 2008 மார்ச்சில் மறுபடி ஆடவைத்தது. அதற்குள் ஓனீல் வேறு அணிக்குப் போயிருந்தார்.

நடுவர் முடிவுகளைச் சரிபார்க்க என்பிஏ 2002–03 பருவத்திலிருந்து வீடியோவையும் பயன்படுத்துகிறது. 2022இல் ஃபிபா, வீடியோ வசதியுள்ள ஆட்டங்களில் பயிற்சியாளர் ஒருமுறை மறுபார்வை கேட்கலாம் என்றது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியின் கல்லூரி மைதானம் போல வீடியோ இல்லாத இடங்களில் ஸ்கோர் ஷீட்டே சாட்சி. ஸ்கோர் போர்டு ஒன்று காட்டி, ஷீட் வேறொன்று சொல்லி, முரண்பாட்டைத் தீர்க்க முடியாவிட்டால், ஷீட்டில் உள்ளதே செல்லும். ஆகவே ஸ்கோரராக உட்காருபவருக்கும் விசில் பிடிப்பவருக்கு நிகரான பயிற்சி தேவை. முடிவை ஏற்காத அணியின் கேப்டன், ஆட்டம் முடிந்த 15 நிமிடங்களுக்குள் தலைமை நடுவரிடம் சொல்லி, அதே ஷீட்டில் கையெழுத்திட்டு முறையிட வேண்டும்.