ஏழு நாள் கப்பலும் பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியும்

மத்தியதரைக் கடலில் ஒரு வாரம் கப்பலில் சுற்றி வந்தோம் என்று சொன்னால், கேட்பவர்கள் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். எவ்வளவு செலவு ஆயிற்று? வாந்தி, மயக்கம் வந்ததா? மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. எந்த ஊருக்கும் போய்ச் சேராமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்காக மனிதன் கப்பல் ஏறும் வழக்கம் எப்போது வந்தது?

புதுச்சேரிக்காரனாகிய எனக்கு இந்தக் கேள்வி முக்கியமாகப் பட்டது. நம் ஊரிலிருந்து கப்பல் ஏறியவர்கள் யாரும் சும்மா ஏறவில்லை. பிழைப்புக்காக ஏறினார்கள், பட்டாளத்துக்காக ஏறினார்கள். பலர் திரும்பவே இல்லை.

முதலில் எங்கள் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் மகள் குடும்பம் பாரீஸ் புறநகரில் இருக்கிறது. அங்கே அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் பள்ளிகளுக்கு இரண்டு வாரம் விடுமுறை. சகல புனிதர் திருநாளை ஒட்டி வருவதால் துஸ்ஸேன் விடுமுறை என்பார்கள். பேரப்பிள்ளைகள் இருவருக்கும் விடுமுறை, மகளுக்கும் மருமகனுக்கும் விடுப்பு, நானும் என் மனைவியும் அங்கே இருந்த சமயம். எல்லாம் கூடிவந்ததால் 2017 அக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை மார்செய் துறைமுகத்தில் ஏறினோம். ஜெனோவா, நேப்பிள்ஸ், சிசிலியில் மெஸ்ஸினா, மால்டாவில் வலெட்டா, பிறகு ஒரு முழு நாள் கடலில், அப்புறம் பார்சலோனா, அடுத்த ஞாயிறு மீண்டும் மார்செய். இரவில் கப்பல் ஓடும், பகலில் நிற்கும். இறங்கிப் பார்த்துவிட்டு மாலையில் ஏறிக்கொள்ள வேண்டும்.

பார்த்த இடங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது கப்பலைப் பற்றி.

இந்த வழக்கத்துக்கு முன்னோடிகள் உண்டு. 1844இல் பி அண்டு ஓ கம்பெனி, தாக்கரே என்ற ஆங்கில எழுத்தாளருக்கு இலவச டிக்கெட் கொடுத்து மத்தியதரைக் கடலைச் சுற்றிவர அனுப்பியது. கல்கத்தாவில் பிறந்தவர் அவர். போய்வந்து பயணப் புத்தகம் எழுதினார். கம்பெனிக்கு நல்ல விளம்பரம். 1867இல் நியூயார்க்கிலிருந்து குவேக்கர் சிட்டி என்ற கப்பலில் ஒரு கூட்டம் மத்தியதரைக் கடலுக்கும் புனித நாட்டுக்கும் சுற்றுலா வந்தது. அதில் ஒருவர் மார்க் ட்வைன். அவரும் எழுதினார்.

ஆனால் இன்று நாம் பார்க்கும் உல்லாசக் கப்பல் தொழிலுக்கு 1891ஐத்தான் பிறந்த ஆண்டாகப் பலரும் சொல்வார்கள். ஹாம்பர்க் நகரில் ஆல்பர்ட் பாலின் என்றொரு கப்பல் கம்பெனி நிர்வாகி இருந்தார். அமெரிக்காவுக்குப் போகும் பெரிய கப்பல்கள் அவருடைய பொறுப்பில் இருந்தன. குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடல் கொந்தளிக்கும், பயணிகள் வரமாட்டார்கள். கப்பல் சும்மா நிற்கும், ஆனால் செலவு நிற்காது. பாலின் கணக்குப் போட்டுப் பார்த்தார். 1891 ஜனவரியில் அகுஸ்தா விக்டோரியா என்ற கப்பலில் 241 பேரை ஏற்றிக்கொண்டு மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார். தாமும் மனைவியோடு ஏறிக்கொண்டார். ஏறக்குறைய இரண்டு மாதச் சுற்று. அது வெற்றி பெற்றது.

ஆக, வேலையில்லாமல் நின்ற கப்பலுக்கு வேலை கொடுக்கத்தான் உல்லாசப் பயணம் பிறந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதே கதை மறுபடி மறுபடி வரும்.

கப்பல் தயார். ஏறுவதற்கு ஆள் வேண்டுமே! இரண்டு மாதம் சும்மா இருக்க யாரால் முடியும்? பணக்காரர்களால் மட்டும்தான். சாதாரணக் குடும்பம் ஒன்று கப்பலில் ஏற வேண்டுமென்றால் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும், அந்த விடுப்பும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வர வேண்டும். நான் முப்பது ஆண்டுக்கு மேல் அரசு எழுத்தராக விடுப்பு விண்ணப்பங்களோடு வாழ்ந்தவன். ஈட்டிய விடுப்பு, தற்செயல் விடுப்பு, எல்.டி.சி. என்பதெல்லாம் நமக்குச் சாதாரணச் சொற்கள். ஆனால் பிரான்சில் எல்லாத் தொழிலாளிகளுக்கும் சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பு என்று சட்டம் வந்தது 1936 ஜூன் மாதத்தில்தான். அந்த ஆண்டு பெரிய வேலைநிறுத்தம் நடந்து, லெயோன் ப்ளூம் அரசு கொண்டுவந்த சட்டம் அது. 1956இல் மூன்று வாரம், 1969இல் நான்கு, 1982இல் ஐந்து என்று வளர்ந்தது. முதல் கோடையில் அந்தத் தொழிலாளிகள் கப்பல் ஏறவில்லை. ரயிலிலும் சைக்கிளிலும் போய், பலர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தார்கள்.

பள்ளி விடுமுறைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. நாங்கள் பிரெஞ்சு வழியில் படித்தபோது ஞாயிறோடு வியாழக்கிழமையும் விடுமுறை. தெருப் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்குப் போகும்போது நாங்கள் மட்டும் கோலி விளையாடிக்கொண்டிருப்போம். பிரான்சில் 1972இல் அந்த வியாழன் புதனாக மாறியது. என் பேரன் இதை நம்பவே மறுத்தான்.

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். அதற்கு என் பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெரியப்பா சொல்தா. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. 1948இல் இந்தோசீனாவுக்குப் புறப்பட்டார். புதுச்சேரியில் கப்பல் கரைக்கு வராது. பாலத்திலிருந்து சலங்கில் இறங்கி, அலையில் ஆடி ஆடிப் போய், தூரத்தில் நிற்கும் கப்பலில் ஏற வேண்டும். என் பாட்டி கரையில் நின்று, சலங்கு கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாராம்.

பிரான்ஸ் இந்தோசீனாவை விட்டுக் கிளம்பிய காலத்தில், 1955இல், பெரியப்பா சைகோனிலிருந்து மார்செய்க்குப் போனார். மெசாழெரி மரித்தீம் கம்பெனியின் கப்பல், பெயர் கம்போஜ். டன்கர்க்கில் கட்டி 1953இல் ஓடத் தொடங்கிய வெள்ளை நிறக் கப்பல். சைகோனுக்கும் மார்செய்க்கும் ஏறக்குறைய மூன்று வாரம். வழியில் கொழும்பில் நின்றது. கொழும்பிலிருந்து புதுச்சேரி எவ்வளவு தூரம்! ஆனால் பட்டாளத்துக்காரன் நினைத்த இடத்தில் இறங்க முடியுமா? ஊருக்குப் பக்கத்தில் வந்து, ஊருக்கு வராமலே போனார். கொழும்பில் ஒரு கடிதம் போட்டார். பாட்டி அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். பெரியப்பா ஊர் திரும்பியது 1971இல், விமானத்தில். அதற்குள் பாட்டி போய்ச் சேர்ந்துவிட்டார். பின்னாலேயே வந்தது அந்த டிரங்குப் பெட்டி. அதன் மூடியில் கப்பலின் பெயர் அச்சடித்த சீட்டு ஒட்டியிருந்தது. சிறுபிள்ளை போல நான் அதை எழுத்துக் கூட்டிப் படித்தது நினைவிருக்கிறது.

பெரியப்பா விமானத்தில் வந்தார் என்றேன். அதுதான் அந்தக் கப்பல்களின் முடிவு. 1960களில் ஜெட் விமானங்கள் வந்தபின் மூன்று வாரம் கடலில் போக யாருக்கும் மனமில்லை. 1967இல் போர் காரணமாக சூயஸ் கால்வாயும் மூடி, எட்டு ஆண்டு மூடியே கிடந்தது. மெசாழெரி மரித்தீம் தன் பயணிக் கப்பல்களை ஒவ்வொன்றாக விற்றது. வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் கிரேக்கர்கள்.

கம்போஜ் கப்பலை 1970இல் ஒரு கிரேக்கக் கம்பெனி வாங்கியது. உள்ளே எல்லாவற்றையும் மாற்றி, ஸ்டெல்லா சோலாரிஸ் என்று பெயர் வைத்து, 1973 முதல் மத்தியதரைக் கடலில் உல்லாசக் கப்பலாக ஓட்டியது. கிரேக்கத் தீவுகள், துருக்கி, எகிப்து என்று சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வரும். மார்செய்–சைகோன் என்று ஒரு கோட்டில் ஓடிய கப்பல் இப்படி வட்டத்தில் ஓட ஆரம்பித்தது. முப்பது ஆண்டு ஓடி, கடைசியில் 2003இல் உடைக்கப்பட்டது. எங்கே தெரியுமா? குஜராத்தில், அலங் கடற்கரையில். பெரியப்பாவைக் கொழும்பில் இறக்காமல் கொண்டுபோன கப்பல், கடைசியில் தானே இந்தியாவுக்கு வந்து முடிந்தது.

இதே கம்பெனிக்கு லபூர்தொனே என்ற கப்பலும் இருந்தது. 1746இல் சென்னையைப் பிடித்தவரின் பெயர். புதுச்சேரியில் அவர் பெயரில் வீதியே உண்டு. அதுவும் கிரேக்கர் கைக்குப் போய் க்னோசோஸ் ஆனது.

எல்லாக் கப்பலும் உல்லாசத்துக்குப் போகவில்லை. பாஸ்தர் என்ற கப்பல், 1966இல் ஓடத் தொடங்கியது. 1972இல் அதை விற்றார்கள். வாங்கியது நம் ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா. அதற்கு என்ன பெயர் வைத்தார்கள்? எம்.வி. சிதம்பரம்! சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய அதே சிதம்பரம்தான். 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கப்பலின் முதல் பெயர் ஒரு பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

சிதம்பரத்துக்கு முன்பு அந்த வழியில் ஓடியது ரஜூலா. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல். அந்தக் கம்பெனியும் ஒரு வேலை செய்தது. பட்டாளத்தை விமானத்தில் அனுப்ப ஆரம்பித்ததும், படை ஏற்றிய கப்பல்களுக்கு வேலை போயிற்று. சிப்பாய்கள் படுத்த கூடங்களைப் பிள்ளைகள் படுக்கும் கூடங்களாக்கி, வகுப்பறை வைத்து, 1961இல் துனேரா என்ற கப்பலை மாணவர் சுற்றுலாவுக்கு விட்டார்கள். பின்னால் வந்த உகாண்டா என்ற கப்பல் இதில் மிகவும் பேர் பெற்றது. 1982 ஏப்ரலில் அது ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களோடு மத்தியதரைக் கடலில் இருந்தபோது ஃபாக்லாந்து போர் மூண்டது. அரசாங்கம் கப்பலைக் கேட்டது. பிள்ளைகளை நேப்பிள்ஸில் இறக்கிவிட்டு, ஜிப்ரால்டரில் வைத்து அதை மருத்துவக் கப்பலாக மாற்றினார்கள். சுற்றுலாக் கப்பலையும் ஒரு நாள் பழைய வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நாங்கள் நேப்பிள்ஸில் இறங்கியபோது பேத்தியிடம் இதைச் சொன்னேன். "அப்போ அந்தப் பிள்ளைங்களுக்கு மீதி லீவு போச்சா, தாத்தா?" என்று வருத்தத்தோடு கேட்டாள்.

மெஸ்ஸினாவில் நின்ற நாள் நவம்பர் 1. இத்தாலியில் சகல புனிதர் திருநாள், பேராலயத்தில் நல்ல கூட்டம். நண்பகலில் அந்தக் கோயில் கோபுரத்துக் கடிகாரத்தில் சிங்கம் கர்ஜிக்கும், சேவல் கூவும். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். எனக்கு அதே நாள் புதுச்சேரி விடுதலை நாள். 1954இல் பிரெஞ்சுக் கொடி இறங்கிய நாள். பெரியப்பா அப்போது சைகோனில் இருந்தார். தான் பிறந்த ஊர் கை மாறியதை அவர் அங்கே இருந்தபடிதான் கேள்விப்பட்டார்.

மறுநாள் இரவு வலெட்டாவை விட்டுக் கிளம்பினோம். மேல்தளத்தில் பாட்டும் கூத்தும். அந்தக் கடல் பக்கம்தான் லாம்பெடுசா தீவு. 2013 அக்டோபர் 3 அன்று அந்தத் தீவின் அருகே ஒரு படகு மூழ்கி 360க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிழைப்பும் பாதுகாப்பும் தேடிப் புறப்பட்டவர்கள். பிழைப்புக்குக் கடல் கடக்கிறவன் இன்றும் கடக்கிறான். அவனுக்குப் பெரிய கப்பலில் இடமில்லை, அவ்வளவுதான்.

கப்பலுக்குள்ளும் அவன் இருக்கிறான். எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறிய ஒரு தம்பி நாங்கள் பேசுவதைக் கேட்டு, "ஐயா, நீங்க தமிழா?" என்றான். தூத்துக்குடிப் பக்கம். ஒன்பது மாத ஒப்பந்தமாம்.

"நேப்பிள்ஸெல்லாம் சுத்திப் பார்த்தியா தம்பி?" என்றேன்.

"வாராவாரம் வருதுய்யா. ரெண்டு தடவ இறங்கினேன். வீட்டுக்கு போன் பண்ண சிம் கார்டு வாங்க."

அதைக் கேட்டதும் ஒப்பந்தம் என்ற சொல் மனதில் நின்றுவிட்டது. 1854இலிருந்து 1889 வரை ஏறக்குறைய 42,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் குவாதலூப் தீவுக்குப் போனார்கள். நிறையப் பேர் புதுச்சேரி, காரைக்காலில் கப்பல் ஏறியவர்கள். ஐந்து ஆண்டு வேலை, முடிந்தால் திரும்பக் கப்பல் சத்திரம் இலவசம் என்றது ஒப்பந்தம். திரும்பியவர்கள் கொஞ்சம் பேர்தான். இந்தத் தம்பி ஒன்பது மாதத்தில் விமானத்தில் வீட்டுக்குப் போய்விடுவான், தங்கைக்குக் கல்யாணம் செய்ய வேண்டும் என்றான். காலம் கொஞ்சம் நல்லதாகத்தான் மாறியிருக்கிறது.

அதனால் உல்லாசக் கப்பலை நான் குறை சொல்ல வரவில்லை. நன்றாகச் சாப்பிட்டோம், நன்றாகத் தூங்கினோம், என் மனைவிக்கு ஒரு நாளும் மயக்கம் வரவில்லை. பிள்ளைகளோடு ஏழு நாள் சேர்ந்திருந்தோம். எனக்குப் புரிந்தது ஒன்றுதான். நம் முன்னோர்க்குக் கப்பல் என்றால் போவது. வருவது கடவுள் கையில். எங்களுக்கு ஏறும்போதே இறங்கும் நாளும் நேரமும் சீட்டில் அச்சாகியிருந்தது. அந்த அச்சடித்த தேதிதான் இந்தப் பயணத்தில் பெரிய சொகுசு. நீச்சல் குளமும் ஐந்து வேளைச் சாப்பாடும் அப்புறம்தான். அந்தத் தேதிக்குப் பின்னால் ஒரு வேலைநிறுத்தம் இருக்கிறது, ஒரு சட்டம் இருக்கிறது, வேலை இழந்த கப்பல்கள் இருக்கின்றன.

நம் ஊரில் பழைய வீடுகளின் பரணில் இப்படிப்பட்ட டிரங்குப் பெட்டிகள் இன்னும் கிடக்கும். விற்பதற்கு முன் மூடியைப் பாருங்கள். கப்பலின் பெயர் இருந்தால் குறித்து வையுங்கள். யார் போனார், எந்த ஆண்டு போனார், திரும்பினாரா இல்லையா என்று பேரப்பிள்ளைகளுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதை எழுத இப்போது மிஞ்சியிருப்பது நம் வயதுக்காரர்கள்தான்.