கைமணிக்கூடும் துணிவாரும்

காலங் கருதி வாழ்தல் எம் முன்னோர் போற்றிய ஒழுக்கங்களுள் ஒன்று. ஒரு நாளை 60 நாழிகையாகவும் ஒரு நாழிகையை 24 நிமிடமாகவும் வகுத்துப் பஞ்சாங்கங் கணித்த மரபினர் நாம். நல்லூர்க் கந்தன் ஆலயத்தில் பூசை குறித்த நேரந் தவறாது நடைபெறுவதை நாடே அறியும். ஆயினும், இன்று எம் மணிக்கட்டில் இருந்து காலங் காட்டும் சிறு கருவி அங்கே எவ்வாறு வந்து சேர்ந்தது, அதனைக் கட்டும் துணிவார் எதன்பொருட்டு உண்டாயிற்று என்று சிந்திப்போர் மிகச் சிலரே. வாலிபர் பலர் இந்நாளில் பல வர்ணத் துணிவார்களை அழகுக்காக அணிகின்றனர். அவ்வார் அழகுக்காகப் பிறந்ததன்று, கடமைக்காகப் பிறந்தது. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே எமது நோக்கம்.

முன்னாளில் யாழ்ப்பாண நகரத்தார்க்கு மணி காட்டியது மணிக்கூட்டுக் கோபுரம். வேல்ஸ் இளவரசர் 1875இல் இலங்கைக்கு வந்ததன் ஞாபகமாக எழுப்பப்பட்ட அது, சிமிதர் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1882இல் நிறைவெய்தியது. 1905இல் புகையிரதப் பாதை கொழும்பையும் காங்கேசன்துறையையும் இணைத்தது. 1906இல் இலங்கை முழுவதற்கும், கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய ஒரே நேரம் விதிக்கப்பட்டது. அதன்பின் நிமிடக் கணக்கு, கந்தோர் உத்தியோகத்தர்க்கு மாத்திரமன்றிச் சாதாரண பிரயாணிக்கும் அவசியமாயிற்று. அக்காலத்து ஆடவர் வைத்திருந்தது சங்கிலியிற் கோத்த சட்டைப்பை மணிக்கூடு. கைமணிக்கூடு பெண்களின் ஆபரணம் என்றே மேல்நாட்டாரும் பெரும்பாலும் எண்ணினர்.

அவ்வெண்ணத்தை மாற்றியது யுத்தம். 1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலக மகாயுத்தத்தில், பீரங்கிப் படையும் காலாட்படையும் குறித்த நிமிடத்தில் ஒன்றாய் இயங்க வேண்டியிருந்தது. பதுங்குகுழியில் துப்பாக்கி ஏந்தி நிற்பவன் சட்டைப்பையைத் துழாவிக் கொண்டிருக்க முடியுமா? ஆகவே மணிக்கூட்டைக் கையிற் கட்டினர். இருளிலும் தெரியும்படி ரேடியம் கலந்த பூச்சை எண்களிற் பூசினர். யுத்தம் முடிந்து வீடு திரும்பியோர் அப்பழக்கத்தைக் கைவிடவில்லை.

இரண்டாம் மகாயுத்தம் எம் வாசலுக்கே வந்தது. பலாலியில் பிரித்தானியர் விமானத்தளம் அமைத்தனர். அந்த யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில் பிரித்தானிய அரசு தன் படையினர்க்கென ஒரு மணிக்கூட்டின் இலக்கணத்தை வகுத்து, சுவிற்சலாந்தின் 12 கம்பனிகளைக் கொண்டு செய்வித்தது. ஒமேகா, லொஞ்சீன்ஸ், சீமா என்பன அவற்றுட் சில. கரிய முகம், தெளிவான எண்கள், ஒளிரும் முட்கள், 15 கற்கள் பதித்த இயந்திரம், நீர் புகாத கூடு என்பனவே அவ்விலக்கணம். பொன்னுமில்லை, பூவேலையுமில்லை. வார் கோக்கும் கம்பிகள் கழன்று விழாதபடி கூட்டோடு நிலையாகப் பிணைக்கப்பட்டன.

இனி வாரைப் பார்ப்போம். தோல்வார் வியர்வையில் ஊறி நைந்துபோம். வெப்பமும் மழையும் மிக்க நாடுகளில் விரைவிற் பூஞ்சணம் பிடிக்கும். பருத்தியாலும் பின்னர் நைலோனாலும் நெய்த வாரோ, கழுவினால் சுத்தமாகும். உலர்ந்ததும் மீண்டும் உதவும். அது இரு துண்டன்று. ஒரே நீண்ட பட்டி. ஒரு கம்பியினூடு நுழைந்து, கூட்டின் அடியாற் சென்று, மறு கம்பியினூடு வெளிவரும். ஆதலால் ஒரு கம்பி முறிந்தாலும் மற்றக் கம்பியில் மணிக்கூடு தொங்கி நிற்கும், நிலத்தில் விழாது. 1973இல் பிரித்தானிய பாதுகாப்பு அமைச்சு, 20 மில்லிமீற்றர் அகலமான சாம்பல்நிற நைலோன் வாருக்கு விதி வகுத்தது. படைவீரன் அதனைப் பெறுவதற்கு நிரப்பிய படிவத்தின் பெயரால் அது ‘ஜி 10’ எனப்பட்டது. இன்று வியாபாரிகள் ‘நேட்டோ வார்’ என்பதும் இதன் வழிவந்ததையே. நேட்டோ நாடுகளின் பண்டசாலை இலக்கம் அதற்கு இடப்பட்டமையே அப்பெயர்க்குக் காரணம்.

அயல்நாடாகிய பாரதமும் இவ்வெளிமையைப் போற்றியது. எச்.எம்.ரி. நிறுவனம் 1961இல் யப்பானின் சிற்றிசன் கம்பனியின் துணையோடு பெங்களூரில் மணிக்கூட்டுத் தொழிலை ஆரம்பித்தது. ‘ஜனதா’ என்பது பொதுமக்கள் பெயரையும், ‘ஜவான்’ என்பது படைவீரர் பெயரையும் தாங்கின. தினமுங் கையால் முறுக்க ஓடும் மணிக்கூடுகள் அவை. 2016இல் அத்தொழிலை மூட அந்நாட்டு அரசு தீர்மானித்தது.

எளிய கருவியின் பெருமையை நாம் ஏட்டிற் படித்து மாத்திரம் அறிந்தவரல்லோம். 1990இல் மீண்டும் மூண்ட யுத்தத்தோடு குடாநாட்டுக்குப் புகையிரதம் நின்றது, மின்சாரமும் நின்றது. தடைசெய்யப்பட்ட பொருள்களுள் பற்றரியும் ஒன்று. வானொலியிற் செய்தி கேட்பதற்குத் துவிச்சக்கரவண்டியை மிதித்து டைனமோவைச் சுழற்றிய காலம் அது. பற்றரி மணிக்கூடு நின்றால் நின்றதுதான். அலுமாரிக்குள் மறந்து கிடந்த முறுக்கு மணிக்கூடோ, காலையில் ஒருமுறை திருகிவிட நாள் முழுவதும் ஓடிற்று. எவரையும் எதிர்பாராத கருவியே இடர்க்காலத்தில் எமக்குத் துணையாயிற்று.

வாலிப அன்பர்களே! உங்கள் பாட்டனாரின் மணிக்கூடு வீட்டில் ஓடாது கிடக்குமாயின், அதனை எறிந்து விடாதீர்கள். பழுது பார்ப்பவரிடங் கொடுத்துத் துப்புரவு செய்வித்து, ஒரு துணிவாரைக் கோத்து அணியுங்கள். தோற்பொருளோடு கோவிலுக்குட் செல்லல் ஆசாரமன்று எனக் கருதும் பெரியோர்க்கும் அது மனக்குறை தராது. ஆனால் மணிக்கூட்டைக் கட்டுவது எளிது; அது சொல்லும் நேரத்துக்குக் கட்டுப்படுவதே அரிது. நான்கு மணிக்கென்று அறிவித்த கூட்டத்தை ஐந்து மணிக்குத் தொடங்கும் வழக்கம் எம் சங்கங்களை விட்டு நீங்கும் நாளே, நாம் அணியும் மணிக்கூடு ஆபரணமென்னும் பெயர் நீங்கிக் கருவியாகும் நாள். அந்நாள் விரைவில் வருவதாக!