பாஞ்சாலி கேட்ட கேள்வி

மாசி பிறந்தால் நமது மலைநாட்டுத் தோட்டங்களிலே தப்பு முழங்கும். காமன் பண்டிகை தொடங்கும். தேவர்கள் அனுப்ப மன்மதன் புறப்படுகிறான். சிவபெருமானின் நெற்றிக்கண் திறக்க எரிந்து சாம்பலாகிறான். ரதி புலம்புகிறாள். குளிரிலே விடிய விடியக் கண் விழித்திருக்கும் நம் மக்கள் எரிந்தவனுக்காகவும் அவனை இழந்தவளுக்காகவும் கண்ணீர் விடுகிறார்கள். அனுப்பியவர்கள் எங்கே நின்றார்கள் என்ற கேள்வியும் அந்தக் கதைக்குள்ளே இருக்கிறது. தலைவர்களை எடைபோடும் தராசு வேறெங்கும் இல்லை. நம் கோயில் வாசலிலேயே இருக்கிறது.

இந்தத் தராசைச் சென்ற நூற்றாண்டில் நம்மவர் எப்படிப் பயன்படுத்தினர் என்பதைச் சரித்திரம் சொல்லும். 1907-ஆம் ஆண்டில் மராட்டியத்திலே 'கீசக வதம்' என்ற நாடகம் அரங்கேறியது. எழுதியவர் கிருஷ்ணாஜி பிரபாகர் காடில்கர். திலகரின் 'கேசரி' பத்திரிகையைச் சார்ந்தவர். விராடன் அரண்மனையில் திரௌபதி கீசகனால் துன்புறும் பழைய கதைதான். ஆயினும் கீசகன் கர்சன் பிரபு என்பதும், திரௌபதி பாரத நாடு என்பதும் பார்த்தவர்களுக்கு விளங்கின. அரசாங்கம் 1910-இல் அந்த நாடகத்தைத் தடை செய்தது.

அந்த நாடகத்தில் அடி வாங்கியவன் கீசகன் மட்டுமல்லன். பொறு, பொறு என்று சொல்லிக்கொண்டிருந்த தருமனும் அடி வாங்கினான். தருமனைக் காங்கிரஸ் மகாசபையின் மிதவாதத் தலைவர்களாகவும், வீமனைத் தீவிரக் கட்சியினராகவும் மக்கள் கண்டனர். அதே ஆண்டு டிசம்பரில் சூரத்தில் காங்கிரஸ் பிளவுபட்டது. எதிரியைக் கண்டிக்கப் புராணம் உதவுவது போலவே, நம் பக்கத்துத் தலைவரைக் கண்டிக்கவும் அது உதவும் என்பதற்கு இது சான்று.

சூரத் மாநாட்டுக்குச் சென்றிருந்தவர்களுள் நம் பாரதியாரும் ஒருவர். ஐந்தாண்டு கழித்து, 1912-இல், பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகத்தை வெளியிட்டார். திரௌபதியை நாடாகக் கண்ட அப்புலவர், துரியோதனனோடு தருமனையும் குற்றக்கூண்டிலே ஏற்றினார். காக்கும்படி ஒப்படைத்த நாட்டைத் தன் சொந்தச் சொத்தென்று எண்ணிப் பணயம் வைத்தான்; அதுவே தருமன் பிழை. தருமவான் என்று பெயர் எடுத்தவன் செய்ததால் பிழை சிறிதாகிவிடாது.

இந்தக் கண்ணாடியிலே நம் மலைநாட்டின் வரலாற்றைப் பார்ப்போம்.

1939-இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. 1947-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அதன் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டே வந்தது 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் நம்மவர் ஒருவரையும் காங்கிரஸால் பாராளுமன்றத்துக்கு அனுப்ப இயலவில்லை. அவ்வாண்டு சத்தியாக்கிரகம் நடந்தது, பறிபோனது திரும்பவில்லை.

சபையிலே பாஞ்சாலி நியாயம் கேட்டபோது வீடுமரும் துரோணரும் வீற்றிருந்தனர். அறம் அறியாதவர்கள் அல்லர். அரசன் சோற்றை உண்டவர்கள். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948-இல் அமைச்சரவையில் சேர்ந்தார். 1949-ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது அரசாங்கத்தின் பக்கத்திலேயே இருந்தார். அதனைக் கண்டித்து வெளியேறிய செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். கட்சித் தலைவரைக் கட்சிக்குள்ளிருந்தே கேள்வி கேட்ட சம்பவம் அது.

அச்சபையில் விகர்ணனும் இருந்தான். கௌரவர் குலத்திலே பிறந்தும் பாஞ்சாலிக்காக எழுந்து பேசியவன். 1948-இல் நமக்காகப் பாராளுமன்றத்தில் வாதாடியவர்களுள் சிங்கள இடதுசாரித் தலைவர்கள் முன்னணியில் நின்றனர். என். எம். பெரேரா அவர்களுள் ஒருவர். இதனை நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனால் 1964 ஜூன் மாதத்தில் சமசமாஜக் கட்சி கூட்டரசாங்கத்தில் சேர்ந்தது; பெரேரா நிதியமைச்சரானார். அவ்வாண்டு அக்டோபர் 30-ஆந் தேதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், மீதி 1,50,000 பேரின் கதியைப் பின்னர் தீர்மானிப்பதென்றும் முடிவாயிற்று. விகர்ணனுக்கும் ஆசனம் கிடைத்துவிட்டால் சபை மௌனமாகிவிடுகிறது.

லயத்திலே வாழ்ந்தவர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்கும் பிரிந்தார்கள். "தன்னை இழந்த பின் என்னை வைத்தாரா? என்னை வைக்க அவருக்கு உரிமை ஏது?" என்ற பாஞ்சாலியின் வினா கொழுந்துக் கூடை சுமந்த நம் தாய்மாரின் வினாவுமாகும். 2003-ஆம் ஆண்டின் சட்டம் வரையில், சுமார் 55 ஆண்டுகள், அதற்கு முழு விடை வரவில்லை.

நம் வீட்டுக் குறையையும் மறைக்கலாகாது. பிரஜாவுரிமை போன பின்னும் நாம் ஒன்றாக நிற்கவில்லை. 1956-இல் அசீஸ் தலைமையிலே ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் தனியே பிரிந்தது. ஒரு தாய்ச் சங்கத்தில் வளர்ந்த தொண்டமானும் அசீசும் எதிரெதிர் அணியாயினர். பங்காளிச் சண்டையில் தேர் ஓட்டியவர்களுக்குப் பெயர் கிடைக்கும். காலாட்களுக்குப் புழுதிதான் கிடைக்கும்.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. புராணத்தைக் கையில் எடுத்தவுடன் எதிர்க்கட்சியை இராவணன் என்றும் தம் கட்சியை இராமன் என்றும் சொல்வது எளிது. தேர்தல் மேடைகளிலே அதனை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அப்படிச் சொல்பவர் கதையைக் கற்றவர் அல்லர். கதையை வாடகைக்கு எடுத்தவர். காடில்கரும் பாரதியாரும் தாம் மதித்த பாண்டவர் பக்கத்திலேயே பிழையைத் தேடினார்கள். அதற்குத்தான் துணிவு வேண்டும்.

ஆகவே, தோட்டச் சங்கத்துக்குச் சந்தா செலுத்தும்போதும், கோயில் திருவிழாக் கணக்கு வாசிக்கப்படும்போதும், வாக்குச் சீட்டைக் கையில் வாங்கும்போதும் இக்கேள்வியை நினைவிலே வையுங்கள்: எங்களைப் பணயம் வைக்கும் உரிமையை உங்களுக்கு யார் தந்தார்கள்? நமது மன்றத்தின் பொறுப்பிலுள்ளவர்களையும் அவ்வாறே கேளுங்கள்; பெரியோர் கோபிக்க மாட்டார்கள். விதுரர் முதியவர்தான், சபையிலே முதலில் தடுத்துப் பேசியவரும் அவரே.

அடுத்த மாசியிலும் காமன் எரிவான். எரிந்தவனுக்காக அழுவோம். அனுப்பியவர்களையும் மறவாதிருப்போம்.